பூமாலையின் முடிச்சு

நாரணாபுரத்தில் பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கனமானதை அடியில் வைத்து, இடைவெளி விடாமல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார்கள். ராணுவச் சரக்கு விமானத்துக்கும் அந்தக் கைப்பக்குவம்தான் உயிர்.

1987 ஜூன் 4. பெங்களூரிலிருந்து கிளம்பிய 5 ஏஎன்-32 விமானங்கள், யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் நிவாரணப் பொருட்களைப் பாராசூட்டில் இறக்கின. துணைக்கு மிராஜ்-2000 போர் விமானங்கள். அதற்கு முன் இந்தியா படகுகளில் அனுப்பிய உதவியை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. இந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் பூமாலை.

என் வியப்பெல்லாம் அந்த மூட்டைகளின் மேல்தான். ஒவ்வொன்றையும் எடை போட்டு, விமானத்தின் சமநிலை கெடாமல் அடுக்கி, தளத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு கட்டு அவிழ்ந்து பின்னால் சரிந்தால் விமானத்தின் மூக்கு மேலே தூக்கிவிடும். பின்கதவு திறந்து, சைகை கிடைத்ததும் வரிசையாக வெளியே தள்ள வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் மூட்டை பல மீட்டர் தள்ளிப் போய் விழும்.

வானிலிருந்து வரும் அரிசி பசித்தவர் கைக்குச் சேர்வது, முகம் தெரியாத ஒருவர் போட்ட முடிச்சை நம்பித்தான்.