வலியறிதலும் எல்லைக் காவலும்

நாட்டுக் காவலைப் பற்றித் திருக்குறள் வழி நின்று பேசுவோர் பெரும்பாலும் படைச்செருக்கு என்னும் அதிகாரத்தையே நாடுகின்றனர். வீரனின் பெருமிதம் மேடைக்கு ஏற்றது. கைதட்டலும் தவறாது கிடைக்கும். ஆனால் போருக்கு எழுமுன் அரசன் செய்யவேண்டிய கணக்கை வள்ளுவர் 30 அதிகாரங்களுக்கு முன்பே, 48 ஆம் அதிகாரமாகிய வலியறிதலில் வைத்துவிட்டார். அதனை எடுத்துரைப்பார் அரியர்.

இவ்வதிகாரத்தின் அமைப்பு நம் கருத்தைக் கவர்கின்றது. முதல் ஆறு குறள்கள் செயலின் கடுமை, நம் ஆற்றல், பகைவன் ஆற்றல், துணைவர் ஆற்றல் ஆகியவற்றை எடைபோடுவன. இறுதி நான்கோ வரவு செலவு பேசுவன. இல்லறத்தான் கணக்கேடு இங்கு வந்தது எவ்வாறு என ஐயுறத் தோன்றும். பரிமேலழகர் இவற்றைப் பொருள்வலி அறிதலாகவே கொண்டார். நமக்கும் அதுவே உடன்பாடு. எதற்கு முதலில் செலவிடுவது என்று துணியாத அரசு, எதைக் காப்பது என்றும் துணியவில்லை.

1962 ஆம் ஆண்டை இக்குறள்களோடு வைத்து நோக்குவோம். 1954 இல் சீனத்தோடு பஞ்சசீல உடன்பாடு ஏற்பட்டது. 1957 இல் அக்சாய் சின் வழியே சீனர் சாலை அமைத்து முடித்தனர். 1959 இல் லாங்ஜூவிலும் கோங்கா கணவாயிலும் குருதி சிந்திற்று. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறியும் உவமையை, எளியர் எனப் பலரைப் பகைப்பவன்மீது பரிமேலழகர் ஏற்றுவார். தனித்தனியே சிறியனவாகத் தோன்றி, கூட்டி நோக்கப்படாது போன அறிகுறிகள்மீதும் அதனை ஏற்றலாம் என்பது நம் துணிபு. 1961 இன் இறுதியில் முன்னேறிக் காவல்நிலைகள் அமைக்க முடிவாயிற்று. அவற்றுட் பலவற்றிற்குப் பின்னே சாலை இல்லை. வானூர்தி இட்ட உணவை நம்பி வீரர் நின்றனர். கிளை நுனியைக் கடந்தும் ஏற முயல்வானைப் பற்றிய குறளுக்கு இதனினும் கொடிய விளக்கம் வேண்டுவதில்லை.

எனினும் வலியறிதல் ஒன்றே போதாது. சீனத்தின் வலிமையை அன்று அறியாதார் இலர். தாக்கமாட்டார் என்னும் கணிப்பே பெரிதும் பிழைத்தது. பகைவன் உள்ளத்தை அறிவது ஒற்றாடலுக்கும் பகைத்திறம் தெரிதலுக்கும் உரிய பணி. இரண்டும் முரணும்போது எதை நம்புவது? நம் தங்கவயலில் சுரங்கத்துள் இறங்கியோர் இதற்கு விடை அறிவர். ஆழத்தில் பாறையின் சுமையைக் கணக்கிடலாம். அது வெடிக்கும் நாழிகையைக் கூற இயலாது. ஆதலின் வெடிக்கும் எனக் கொண்டே கருங்கல் அடுக்கித் தாங்கு கொடுத்தனர். ஆனால் எங்கும் தாங்கே கட்டிக்கொண்டிருந்தால் பொன் எடுப்பது எப்போது? அங்கேதான் அந்த இறுதி நான்கு குறள்கள் வேண்டப்படுகின்றன.

தோல்விக்குப்பின் 1964 இல் வகுத்த ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திட்டம் 8,25,000 பேர் கொண்ட தரைப்படையையும் 45 விமானப் பிரிவுகளையும் இலக்காகக் கொண்டது. எல்லைச் சாலைகளுக்கும் அதில் இடம் இருந்தது. அவ்வாண்டு மே மாதம் பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ்ப் பெமல் நிறுவனம் பிறந்தது. மலையைச் சமன்செய்யும் புல்டோசர்கள் நம் ஊரிலேயே உருவாயின. துப்பாக்கிக்கு முன்பே சாலை வேண்டும் என்னும் பாடத்தின் ஒரு பகுதியை இங்குள்ள தமிழ்த் தொழிலாளர் இரும்பில் வடித்தனர் என்றால் மிகையன்று; மேடைப் பேச்சில் அவர்க்கு இடமில்லை என்பது வேறு. 2001 பிப்ரவரி 28 இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பெமல் ஆலை நின்றது.

2020 சூன் 15 இல் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர் உயிர்நீத்தனர். அப்போதும் பேசப்பட்டவற்றுள் ஒன்று, முந்தைய ஆண்டு நிறைவுற்றிருந்த தௌலத் பேக் ஓல்டிச் சாலை. அந்தச் சாலை காவலா, பகைவனைத் தூண்டியதா என வாதிட்டோர் இருசாரார். அவ்வாதத்தைத் தொடர விரும்புவோர், நம் சங்கத்தின் குறள் வகுப்பில் 471 முதல் 480 வரை பத்தையும் ஒருங்கே வைத்துத் தொடரலாம்.