அட்டையில் அடங்கும் ஆப்ஜெக்ட்

மென்பொருள் உருவாக்கும் முறைகளில் ரசிக்க என்ன இருக்கிறது என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களே கேட்பார்கள். அவர்களுக்கு அது மேலாளர் நிரப்பச் சொல்லும் படிவம். எந்த முடிவை எந்தக் கட்டத்தில், யார் கையால் ஒரு முறை எடுக்கவைக்கிறது என்று கவனிக்க ஆரம்பித்தால் ருசி பிடிபட்டுவிடும்.

என் முதல் ஓட்டு சி.ஆர்.சி. அட்டைக்கு. கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989இல், ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலாக்கத்துக்கான ஊப்ஸ்லா மாநாட்டில் முன்வைத்தது. நாலுக்கு ஆறு அங்குல அட்டை. மேலே கிளாஸின், அதாவது ஒரே வகை ஆப்ஜெக்ட்களுக்கான வார்ப்பின், பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது யாருடைய உதவியை நாடும் என்ற பட்டியல். அவ்வளவுதான்.

நூலக மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். புத்தகம் தாமதமாகத் திரும்பி வருகிறது. அபராதத்தை யார் கணக்கிடுவது? ‘உறுப்பினர்’ அட்டையை வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் பிடித்து, “நான்தான்” என்கிறார். “கெடு தேதி உங்ககிட்ட இருக்கா?” என்கிறார் எதிரில் இருப்பவர். இல்லை. ‘புத்தகம்’ அட்டையிலும் இல்லை. ‘இரவல்’ என்று புது அட்டை ஒன்று பிறக்கிறது. கெடு தேதியும் அபராதக் கணக்கும் அங்கே குடியேற, உறுப்பினர் அட்டையில் ஒரு வரி அடிபடுகிறது. ஒரு வரி நிரல்கூட எழுதாமல் ஒரு நல்ல வடிவமைப்பு முடிவு கிடைத்துவிட்டது. இடம் போதாமல் அட்டையைத் திருப்பி எழுதப் பார்த்தால், அந்த ஆப்ஜெக்ட் அளவுக்கு மீறி வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டது என்று பொருள். காகிதத்தின் சிறுமையே கண்டிப்பான வாத்தியார்.

கிரேடி பூச்சின் வரைபடங்கள் வேறு ரகம். கிளாஸை அவர் விட்டுவிட்டுப் போகும் கோடுகளால் மேகமாக வரைவார். இதன் எல்லை இன்னும் தீர்மானமாகவில்லை என்று படமே சொல்லிவிடும். ஆனால் கையால் வரைந்து பாருங்கள், பொறுமை போய்விடும். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜேம்ஸ் ரம்பாவும் சகாக்களும் வளர்த்த ஓ.எம்.டி. முறையில் வெறும் கட்டங்கள். 1994இல் ரம்பாவும் அடுத்த ஆண்டு ஐவர் ஜேக்கப்சனும் பூச் இருந்த ரேஷனல் நிறுவனத்துக்கு வந்தார்கள். 1997இல் யு.எம்.எல். என்ற பொதுக் குறியீடு தரநிலையானபோது கட்டம் ஜெயித்தது, மேகம் கலைந்தது. நியாயமான முடிவுதான், இருந்தாலும் மேகத்தின் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. பயனர் மென்பொருளை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவார் என்று விவரிக்கும் யூஸ் கேஸோடு ஜேக்கப்சன் கொண்டுவந்த குச்சி மனிதர் மட்டும் இன்றும் எல்லா வெள்ளைப் பலகையிலும் நிற்கிறார்.

குறியீடு வேறு, நடைமுறை வேறு. அதே ரேஷனலிலிருந்து வந்த ஆர்.யு.பி. (ரேஷனல் யூனிஃபைட் பிராசஸ்) என்ற நடைமுறையை ஆவணக் குவியல் என்று திட்டுவது வழக்கம். அதன் புகழ்பெற்ற ஒற்றைப் படத்தை உற்றுப் பார்த்தவர்கள் அப்படி முழுசாகத் திட்டமாட்டார்கள். குறுக்கே தொடக்கம், விரிவாக்கம், கட்டுமானம், ஒப்படைப்பு என்று நான்கு கட்டங்கள். நெடுக்கே தேவை அறிதல், வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை போன்ற பணிகள். ஒவ்வொரு பணியும் ஏறி இறங்கும் மேடாக வரையப்பட்டிருக்கும். நிரலாக்க மேடு முதல் கட்டத்திலேயே லேசாக எழும்பிவிடும். தேவைகளின் மேடு கடைசிவரை அடங்காது. இரண்டாம் கட்டம் முடியும்போது ஓடுகிற ஓர் அடித்தளம் கையில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பல நிறுவனங்கள் அந்த மேடுகளைத் தட்டி நேராக்கி, தேவைகள் முழுக்க முடிந்த பிறகே அடுத்தது என்று நடத்தின. பழி முறையின் மேல் விழுந்தது.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை 1990களின் பிற்பாதியில், கிரைஸ்லரின் சம்பளப் பட்டியல் மென்பொருளான சி-3 திட்டத்தில் உருப்பெற்றது. இருவர் சேர்ந்து நிரல் எழுதுவது, முதலில் சோதனையை எழுதுவது எல்லாம் ஊரறிந்தவை. நான் சொல்ல விரும்புவது பலர் தாண்டிப்போகும் ஒரு வழக்கத்தை. முழு மென்பொருளுக்கும் எல்லோரும் புழங்குகிற ஓர் உருவகம் வேண்டும் என்றார், அட்டை தந்த அதே பெக். கார் கம்பெனியின் சம்பளம் அங்கே உற்பத்தி வரிசையாயிற்று. பணத்தொகைகள் உதிரிபாகங்கள், அவை தொட்டிகளில் கிடந்து, நிலையம் நிலையமாக நகர்ந்து, கடைசியில் சம்பளமாக வெளியே வரும். கணக்குப் பிரிவுக்காரரும் புரோகிராமரும் ஒரே சொற்களால் சண்டை போட்டுக்கொள்ளலாம். கிளாஸ்களின் பெயர்களும் அங்கிருந்தே வரும். அந்தத் திட்டம் 2000இல் நிறுத்தப்பட்டது. இந்த முறையைப் பற்றிய பெக்கின் நூலின் இரண்டாம் பதிப்பில், 2004இல், உருவகம் வழக்கங்களின் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. கற்றுக்கொடுக்கக் கடினமானது என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.