பில்லில் வராத சாம்பார்

ஓர் ஓட்டலைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "அங்க என்ன சார் பேமஸ்?" பள்ளிபாளையம் சிக்கனா, குடல் குழம்பா, பன் பரோட்டாவா? என்னைக் கேட்டால் அது தப்பான கேள்வி. பேமஸ் அயிட்டத்தை வழிப்போக்கன்தான் சாப்பிடுவான். தினமும் வந்து உட்காருகிற ஆளுக்கு அந்தக் கடை என்ன போடுகிறது, எப்படிப் போடுகிறது என்று பாருங்கள். ஓட்டலின் குணம் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளகோவில் மெஸ்களுக்கு டூரிஸ்டை நம்பிப் பிழைப்பு இல்லை. விசைத்தறி ஓட்டுகிறவர், எண்ணெய் ஆலை ஆட்கள், முருங்கைக்காய் மூட்டை தூக்குகிற லோடுமேன், கோவை-கரூர் ரோட்டில் போகிற லாரி டிரைவர், நடுவில் பாங்க் கிளார்க் ஒருவர். நான் வழக்கமாகப் போகிற மெஸ்ஸில் (பெயர் சொல்ல மாட்டேன், அப்புறம் எனக்கே இடம் கிடைக்காது) மெனு கார்டு கிடையாது. இலை, பொரியல், பருப்பு, சாம்பார், பச்சைப்புளி ரசம், மோர். சில நாள் கொள்ளு. "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்கண்ணா" என்று சப்ளையர் வந்துகொண்டே இருப்பார். நீங்களாக "போதுமுங்க" என்று சொன்னால்தான் நிறுத்துவார்.

பி.காம். படித்தவனுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே விலை என்றால் இது எப்படிக் கட்டுபடியாகிறது? ரொம்ப சிம்பிள். பாங்க் கிளார்க் இரண்டு கரண்டி சோற்றோடு எழுந்துவிடுகிறார். லோடுமேன் ஐந்து கரண்டி வாங்குகிறார். இரண்டு பேருக்கும் ஒரே டோக்கன். அதாவது லோடுமேனின் மூன்றாவது சாம்பாருக்குக் காசு கொடுப்பது, தனக்கே தெரியாமல், எதிரே உட்கார்ந்திருக்கும் கிளார்க். இன்சூரன்ஸ் கம்பெனி நடப்பதும் இந்தக் கணக்கில்தானே!

போன வருஷம் குடும்பத்தோடு பத்து நாள் பிரான்ஸ் போனபோது இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். பெரிய ஓட்டல்கள் வேண்டாம், அவை நம் பர்சுக்கு ஆகாது. தெருமுனைக் கடைகளைச் சொல்கிறேன். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் சாக்பீஸால் அன்றைய மத்தியானச் சாப்பாடு இரண்டோ மூன்றோ. போர்டில் இருப்பதுதான் பில்லிலும் இருக்கும். 10 சதவீத வரி, சர்வீஸ் எல்லாம் விலைக்குள் அடக்கம். இந்த ஒரு விஷயத்துக்காகவே எழுந்து நின்று கும்பிடலாம். நம்மூரில் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று சொல்ல 2025-ல் டெல்லி ஹைகோர்ட் வரை போக வேண்டியிருந்தது.

பிரெட்டும் குழாய்த் தண்ணீரும் சாப்பாட்டு விலைக்குள் வந்துவிட வேண்டும் என்று அங்கே 1967-லேயே அரசு உத்தரவு போட்டுவிட்டார்கள். (அதே வருஷம்தான் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லி தி.மு.க. இங்கே ஆட்சிக்கு வந்தது.) கூடை காலியானால் மறுபடி பிரெட் வந்தது. தட்டில் மிச்சமிருக்கும் குழம்பை அதால் துடைத்துச் சாப்பிடுகிறார்கள். பில்லில் வராத சாம்பார் அவர்களுக்கு இதுதான். ஆனால் கறியும் உருளைக்கிழங்கும் ஒரு தடவைதான். "இன்னுங் கொஞ்சம்" என்கிற பேச்சே இல்லை.

குறையும் சொல்கிறேன். மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஒரு கடையில் போய் நின்றால், அடுப்பை அணைத்தாயிற்று என்று கை விரித்தார்கள். சைவக்காரர்கள் பாடு ஆம்லெட், சாலட் என்று முடிந்துவிடுகிறது. என் மனைவி மூன்று நாள் பொறுத்தாள், நாலாம் நாள் பாரிஸ் லா ஷப்பல் போய் ஈழத்தமிழர் கடைத் தோசையைப் பார்த்ததும்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று. நீங்கள் கேட்கும் வரை யாரும் பில்லைக் கொண்டுவந்து வைப்பதில்லை. நம் ஊரில் மோர்ச் சோறு பிசையும்போதே அடுத்த ஆள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தறி காத்திருக்கிறது.

பாரிசில் ஷார்த்தியே என்று ஒரு கடை. 1896-ல் தொடங்கியது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேஜையில் உட்கார வைப்பார்கள், மேஜை மேல் விரித்த காகிதத்திலேயே கணக்குப் போடுவார்கள். அப்படியே நம் மெஸ்! இந்த மாதிரிக் கடைகளுக்கு 'புய்யோன்' என்று பெயர். 1850-களில் துவால் என்கிற கசாப்புக் கடைக்காரர், பாரிஸ் மார்க்கெட் கூலிகளுக்காக மலிவாக சூப்பும் கறியும் போட ஆரம்பித்ததிலிருந்து வந்த வழக்கம். நான் போன அன்று வரிசையில் கூலிக்காரர் ஒருவரும் தென்படவில்லை. முக்கால்வாசி என்னைப் போல கேமராவோடு வந்தவர்கள்.

அப்படியானால் அங்கே சம்பளக்காரர் மத்தியானம் என்ன செய்கிறார்? பலருக்குக் கம்பெனியே சாப்பாட்டுக் கூப்பன் தருகிறது. அதுவும் 1967-ல் வந்ததுதான். கூப்பன் விலையில் 50 முதல் 60 சதவீதம் முதலாளி போட வேண்டும். லோடுமேனுக்காக நம் கிளார்க் கொடுக்கிற காசை, அங்கே முதலாளி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தறிப்பட்டறையில் கூப்பன் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஆகவே நம் ஏற்பாடு முழுக்க அந்தக் கிளார்க்கை நம்பி நிற்கிறது. அவரோ இப்போது ஏ.சி. ஹாலுக்குப் போகிறார். ஹைவேயில் புதிதாக வந்திருக்கும் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். மெனு கார்டு கல்யாண ஆல்பம் கனம். சைனீஸ், தந்தூரி, இத்தாலி எல்லாம் உண்டு. இத்தனை பண்டத்தையும் தினமும் புதுசாகச் சமைக்க எந்தக் கொம்பனாலும் முடியாது, பாதி ப்ரீசரிலிருந்துதான் வரும். நான் கேட்டது சாப்பாடு. தட்டில் எட்டுக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். இன்னொரு சாம்பார் கேட்டேன். வந்தது, பில்லிலும் வந்தது. பிரான்சில் பிரெட்டுக்குக் கூட என்னிடம் தனியாக வாங்கவில்லை.

சென்ற மாதம் என் மெஸ்ஸில் போர்டைப் பார்த்தேன். முழுச் சாப்பாட்டுக்கு மேலே புதிதாக ஒரு வரி, 'அளவு சாப்பாடு'. விலை குறைவு.

"ஆபீஸ்காரங்க கேக்கறாங்கண்ணா, நாங்கெல்லாம் அவ்வளவு திங்கறதில்லையேன்னு" என்றார் சப்ளையர்.

"அப்ப மூட்டை தூக்கறவங்களுக்கு?"

"அவங்களுக்கு முழுச் சாப்பாடுதானுங்க. அது பத்து ரூபா ஏறிப்போச்சு."