பாடசாலை முடிந்ததும் இன்னொரு பாடசாலையா?

நான் வாழும் நோர்வே நகரத்தில், பாடசாலை முடிந்தபின் எமது பிள்ளைகளுக்கென நிலையமொன்றை ஆரம்பிக்கத் தமிழ்ச் சங்கமொன்று முன்வந்திருக்கின்றது. அதன் பிரசுரம் என் கைக்கும் வந்தது. முயற்சி அவசியமானதே. நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையின் ஓய்வறையில், பின்னேரங்களில் பிள்ளைகள் எங்கே, யாருடன் என்ற கேள்வி அடிபடாத நாளில்லை. ஆயினும் பிரசுரத்தை வாசித்தபின் சும்மா கைதட்டிவிட்டுப் போக முடியவில்லை.

ஆறு வயது முதல் ஒன்பது வயது வரையானோருக்குத் தினமும் மூன்று மணிநேரம். கணிதம், நோர்வீஜிய மொழி, தமிழ். மாதந்தோறும் பரீட்சை, முதல் மூன்று இடங்களுக்குப் பரிசு. விளையாட்டு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. சாப்பாடு பற்றிப் பேச்சில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்குமில்லை. இது எங்கள் ஊர் ரியூட்டறியேதான்.

ரியூட்டறியை நான் இழிவுபடுத்தவில்லை. 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தபின், சில புள்ளிகள் ஒரு பிள்ளையின் வாழ்வையே தீர்மானித்தன. அந்த நெருக்கடிக்குள் அதற்கோர் அர்த்தமிருந்தது. நோர்வேயிலோ ஏழாம் வகுப்பு வரை புள்ளியே இடுவதில்லை. அங்கத்தைய நோய்க்கான மருந்தை இங்குள்ள பிள்ளைக்கு ஏன் புகட்டவேண்டும்?

இன்னொன்று. முதல் நான்கு வகுப்புகளுக்கும் எஸ்.எவ்.ஓ. எனப்படும் பராமரிப்பு நேரத்தை நடத்துவது இங்கே உள்ளூராட்சியின் சட்டக் கடமை. 2021இல் வந்த தேசியத் திட்டம் அதன் மையத்தில் விளையாட்டையும் பண்பாட்டையும் பராமரிப்பையும் வைக்கின்றது. கட்டணத்துக்கு அஞ்சி எம்மவர் பலர் பிள்ளைகளை அங்கே விடுவதில்லை. ஆனால் 2022இல் முதலாம் வகுப்புக்கும், 2023இல் இரண்டாம் வகுப்புக்கும், 2024இல் மூன்றாம் வகுப்புக்கும் வாரம் 12 மணிநேரம் இலவசமாக்கப்பட்டுவிட்டது. அங்கே சக பிள்ளைகளோடு ஓடிவிளையாடி மொழி பழகும் ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிவந்து எங்கள் வாங்கில் இருத்துவது எவ்வகையில் சேவையாகும்?

உண்மையான இடைவெளி ஐந்தாம் வகுப்பில் தொடங்குகின்றது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அத்தோடு எஸ்.எவ்.ஓ. முடிந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை திறப்பைக் கொண்டுபோய் வெறும் வீட்டைத் திறக்கின்றது. பிரசுரம் இவர்களைக் கண்டுகொள்ளவேயில்லை.

இத்தகைய நிலையங்கள் பற்றிய பல ஆய்வுகளை டுர்லாக், வைஸ்பேர்க், பச்சான் ஆகியோர் 2010இல் தொகுத்து ஆராய்ந்தனர். சமூகத் திறன்களை நோக்கமாகக் கொண்டு, படிப்படியாகத் திட்டமிட்டு, பிள்ளைகளைச் செயலில் ஈடுபடுத்திய நிலையங்களிலேயே நடத்தையும் கல்வியும் மேம்பட்டன. அவ்விதம் அமையாதவற்றில் அப்பலன் கிட்டவில்லை. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது.

ஆகவே சங்கத்தினரிடம் நான் கேட்பவை: பத்து முதல் பன்னிரண்டு வயதினருக்காகத் தொடங்குங்கள். வந்தவுடன் சாப்பாடு கொடுங்கள், பின்னர் வெளியே விளையாட விடுங்கள். வீட்டுவேலைக்கு உதவி கேட்கும் பிள்ளைக்கு உதவுங்கள். தமிழைப் பரீட்சையாக்காமல் நாடகமாக, சமையலாக, பிள்ளைகளே எழுதும் சுவர்ப் பத்திரிகையாக ஆக்குங்கள். பொறுப்பாளருக்கு ஊதியம் கொடுங்கள். ஓய்வுநேரத் தொண்டரை மட்டும் நம்பினால் குளிர்காலத்தில் கதவு பூட்டப்படும். பிள்ளைகளோடு பழகும் ஒவ்வொருவரிடமும் பொலிஸ் நற்சான்றிதழ் கேளுங்கள். என்ன செய்ய விருப்பமென்று பிள்ளைகளையும் கேளுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஆரம்பிக்கலாமே. சங்கத்தினரின் பதிலை அடுத்த இதழில் எதிர்பார்க்கின்றேன்.