புதுமைக்கு 25 மதிப்பெண்

இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தது பதினைந்து ஹெட்போன். வகுப்பில் 24 பிள்ளைகள், வேலை செய்யும் ஹெட்போன் 9. வாசிப்புப் பயிற்சி கணினியில் நடக்கிறது, ஒன்பது பேர் கேட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான்கே வரியில் எழுதி முடித்திருந்தார். அதே கட்டில் அடுத்த விண்ணப்பம், மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்க்கும் கோபுரத்துக்கு. அறிவியல், கணக்கு, சத்துணவு, சூழலியல் என்று எதையும் விடாமல் மூன்று பக்கம், தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது. மதிப்பெண் தாளில் 'புதுமை' என்ற கட்டத்துக்கு 25. கீரைக்கு 23 போட்டேன். ஹெட்போனில் என்ன புதுமை இருக்கிறது? 4 போட்டேன். கீரை வென்றது.

நான் வசிக்கும் அமெரிக்கப் புறநகரில், பள்ளி மாவட்டத்துக்குத் துணையாக இயங்கும் ஒரு கல்வி அறக்கட்டளையில் விண்ணப்பம் படிக்கும் தன்னார்வலராகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. பள்ளி மாவட்டம் என்றதும் நம் ஊர்க் கல்வி மாவட்டத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. இங்கே அது ஒரு குட்டி அரசாங்கம். பெரும்பாலும் தனித் தேர்தல், தனி வாரியம், உள்ளூர்ச் சொத்து வரியில் தனிப் பங்கு. நாடு முழுக்க இப்படி 13,000-க்கு மேல். பள்ளிச் செலவில் மத்திய அரசு தருவது வழக்கமான ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதி மாநிலமும் ஊரும் போடவேண்டும். வீட்டு விலை ஏறிய ஊரில் பள்ளிக்கும் வசதி கூடுவது இதனால்தான். இந்த ஏற்பாட்டின் ஓட்டைகளை அடைக்க முளைத்தவைதான் வகுப்பறை மானியங்கள். ஆசிரியர் விண்ணப்பிக்கிறார், அறக்கட்டளையோ நிறுவனமோ முகம் தெரியாத கொடையாளரோ சில நூறு டாலர் தருகிறார். 'மினி கிராண்ட்' என்பார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாவட்டம் பாடநூலை மாற்ற முடிவெடுத்தால் குழு, கருத்துக் கேட்பு, வாரிய ஒப்புதல் என்று ஆண்டு ஓடிவிடும். மினி கிராண்ட் ஒரு பருவத்துக்குள் கைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று வகுப்பில் நிற்பவரையே கேட்கிறது. எங்கள் அறக்கட்டளை என்றைக்கோ வாங்கிக் கொடுத்த முட்டை பொரிக்கும் பெட்டி ஒன்று ஒரு தொடக்கப் பள்ளியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வசந்தம் வந்தால் பெட்டியில் முட்டை வைப்பார்கள். 21 நாள் பிள்ளைகள் தேதி கிழிப்பார்கள். ஒரு நாள் ஓட்டில் கீறல் விழும்போது வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குஞ்சுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் எடுத்துப்போகிறார். முட்டைச் செலவு சில டாலர்தான், அதனால் முதல் பணம் தீர்ந்த பிறகும் பெட்டி நிற்கவில்லை.

மேலிருந்து கொட்டும் பெரும்பணத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். 2010-ல் நியூஜெர்சியின் நெவார்க் நகரப் பள்ளிகளுக்கு ஃபேஸ்புக்கின் மார்க் சக்கர்பெர்க் 10 கோடி டாலர் அறிவித்தார், அதுவும் ஓப்ராவின் தொலைக்காட்சி மேடையில். அதற்கு ஈடாக இன்னொரு 10 கோடி திரட்டப்பட்டது. அதில் ஆலோசகர்களுக்கே 2 கோடிக்கு மேல் போனது. கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை.

இந்தச் சின்னப் பணத்தின் ஆற்றலை முதலில் பெரிய அளவில் காட்டியவர் சார்லஸ் பெஸ்ட். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சமூகப் பாடம் நடத்திய ஆசிரியர். ஆசிரியர்கள் கோரிக்கை எழுத, கொடையாளர்கள் பணம் தரும் டோனர்ஸ்சூஸ் இணையத் தளத்தை 2000-ல் தொடங்கியபோது சக ஆசிரியர்களை எழுத வைக்கவே அவர் பாடுபட வேண்டியிருந்தது. அம்மா செய்த பேரிக்காய் இனிப்பை ஓய்வறையில் வைத்து, சாப்பிட்டவர் தமக்கு வேண்டியதை எழுதித் தரவேண்டும் என்றாராம். முதல் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தானே பெயர் சொல்லாமல் பணம் கட்டியிருக்கிறார். யாரோ தருகிறார்கள் என்ற நம்பிக்கை பரவட்டும் என்று. அந்தத் தளத்தில் நான் மதிப்பது ஒரு நடைமுறையை: ஆசிரியர் கையில் பணம் தருவதில்லை, பொருளைத் தாமே வாங்கிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். கணக்கு வழக்குச் சந்தேகத்துக்கு இடமில்லை. 2018-ல் ரிப்பிள் என்ற நிறுவனம் 2.9 கோடி டாலர் கொடுத்து, அன்று காத்திருந்த 35,000-க்கும் மேற்பட்ட கோரிக்கைகளை ஒரே மூச்சில் தீர்த்தது. நாடெங்கும் ஆசிரியர்கள் கொண்டாடினார்கள். பட்டியல் மறுபடி நிரம்பியது.

மறுபடி நிரம்பும் பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்பதில்தான் என் பேச்சு. தாள், பென்சில், புத்தகம், நாற்காலி. 2014-15 கல்வியாண்டுக்கான அரசுக் கணக்கெடுப்பில், பொதுப் பள்ளி ஆசிரியர்களில் 94 விழுக்காட்டினர் வகுப்புக்காகச் சொந்தப் பணம் போட்டதாகச் சொன்னார்கள், சராசரியாக 479 டாலர். வருமான வரியில் இதற்கு அரசு தந்த கழிவு 2002 முதல் 250 டாலர். அது 300 ஆவதற்கு 2022 வரவேண்டியிருந்தது. ஹெட்போன் கேட்ட ஆசிரியை எங்களிடம் வருமுன் தன் பையைத் தடவிப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

மானியங்களில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, 1965-ன் கல்விச் சட்டம் கொண்டுவந்த 'டைட்டில் ஒன்' போல, ஏழைப் பிள்ளைகளைத் தலை எண்ணித் தருவது. யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. மற்றது எங்களுடையது போல, போட்டியில் தருவது. போட்டி என்றால் எழுத்துத் திறமைக்கும் சேர்த்துத்தான் பரிசு. நல்ல ஆசிரியரும் நல்ல விண்ணப்பக்காரரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. நிலையான ஆசிரியர்கள், கைவேலைக்கு உதவ வரும் பெற்றோர், எழுதுவதற்கு ஒரு மாலை நேரம், இவை உள்ள பள்ளியிலிருந்துதான் மூன்று பக்கம் வரும். நடுப்பருவத்தில் வந்து சேர்ந்த தற்காலிக ஆசிரியரிடமிருந்து நான்கு வரிகூட வராது.

'புதுமை' என்ற கட்டம் இதை இன்னும் கெடுக்கிறது. ஆரம்பிக்கப் பணம் உண்டு, தொடரப் பணம் இல்லை. நாங்கள் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு 12 ரோபோ வாங்கிக் கொடுத்தோம். விளம்பரத் தட்டி அளவில் காசோலை அச்சடித்து, பலூனோடு வகுப்புக்குள் திடீரென்று நுழைந்து படமும் எடுத்துக்கொண்டோம். (அந்தக் காசோலைச் செலவை யாரும் கணக்கில் கேட்பதில்லை.) மென்பொருள் உரிமம் ஓராண்டுக்குத்தான் என்று பிறகு தெரிந்தது. புதுப்பிக்க ஆசிரியர் மறுபடி விண்ணப்பித்தார். போன ஆண்டே கொடுத்தாயிற்று, இதில் புதுமை இல்லை என்று நாங்களே தள்ளினோம். ரோபோக்கள் அலமாரியில் இருக்கின்றன.

கலிபோர்னியாவில் இந்த அறக்கட்டளைக் கதைக்கு இன்னொரு கிளை. வட்டாரச் சொத்து மதிப்பை நம்பிப் பள்ளி நடத்துவது சமத்துவத்துக்கு விரோதம் என்று 1971-ல் செரானோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டில் நிறுத்தியது. ஊர்ப் பள்ளிக்கென்று வரியை உயர்த்த வழி குறுகியதும் வசதியான பெற்றோர் அறக்கட்டளைக் கதவைத் திறந்தார்கள். அங்கே கொடுக்கும் நன்கொடைக்கு வரிவிலக்கும் கேட்கலாம், ஆகவே பணக்காரப் பள்ளியின் இசை ஆசிரியருக்குப் பொதுக் கருவூலமும் கொஞ்சம் படியளக்கிறது. சாண்டா மோனிகா-மாலிபு மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பெற்றோர் மாணவர் தலைக்கு 2,000 டாலருக்கு மேல் திரட்ட, இன்னொரு பள்ளியில் அது 100 டாலரைத் தொடவில்லை. 2011-ல் வாரியம் நன்கொடையை மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக்கியது. மாலிபுவில் கோபம், தனி மாவட்டமாகப் பிரிவோம் என்ற குரல் வலுத்தது. ஒரிகனின் போர்ட்லாந்து பல ஆண்டுகள் நடுவழி ஒன்றில் போனது. ஒரு பள்ளி திரட்டியதில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒன்று பொதுநிதிக்கு. கொடுப்பவர் மனமும் கோணாது, இல்லாத பள்ளிக்கும் ஏதோ கிடைக்கும். ஆனால் மீதி இரண்டு பங்கு எங்கே தங்கியது என்பது சொல்லாமலே தெரியும்.

மறுபடி போட்டிக்கு வருவோம். 2021 டிசம்பரில் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் ஐஸ் ஹாக்கி ஆட்ட இடைவேளை. பனித்தரையில் கம்பளம் விரித்து, ஒரு டாலர் தாள்களாக 5,000 டாலரைக் கொட்டினார்கள். தலைக்கவசம் போட்ட பத்து ஆசிரியர்கள் மண்டியிட்டு அள்ளிச் சட்டைக்குள் திணித்தார்கள். அள்ளியது அவரவர் வகுப்புக்கு. கூட்டம் ஆரவாரித்தது. காணொளி பரவி ஊர் உலகம் காறித் துப்பியதும் ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் அதைப் பார்த்து முகம் சுளித்தவன்தான். பிறகு என் மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தபோது அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் கம்பளத்தில் ஓசையில்லை, மண்டியிடுவது எழுத்தில் நடக்கிறது.

அதற்காக அறக்கட்டளையைக் கலைத்துவிடச் சொல்லவில்லை. கோழிக்குஞ்சுப் பெட்டியை எந்த வாரியமும் வாங்கித் தராது. ஆனால் ஹெட்போனை வாரியம்தான் வாங்கித் தரவேண்டும். இந்த இரண்டையும் ஒரே கட்டில் வைத்து ஒரே தாளில் அளப்பதில்தான் கோளாறு. நாங்கள் தேர்ந்தெடுத்தவை படமாக வெளியே போகின்றன. தள்ளியவைதான் உண்மையில் ஆவணம். எந்தப் பள்ளியில் எது இல்லை என்று ஆசிரியர்களே கைப்பட எழுதித் தந்த பட்டியல் அது. எந்தத் தணிக்கையாளரும் இவ்வளவு மலிவாகத் தயாரித்துவிட முடியாது. அதைப் பெயர்களை நீக்கி, வரவுசெலவுக் கூட்டத்துக்கு முன் ஆண்டுதோறும் வாரியத்தின் மேசையில் வைக்கவேண்டும் என்று குழுவில் கேட்டேன்.

நல்ல யோசனை என்றார்கள். வாரியத்தோடு நமக்கிருக்கும் சுமுகத்தைக் கெடுக்கவேண்டாமே என்றும் சொன்னார்கள். தள்ளிய விண்ணப்பங்கள் வழக்கம்போல் தாள் கிழிக்கும் எந்திரத்துக்குப் போயின. ஆனால் அடுத்த ஆண்டுத் தாளில் ஒரு மாற்றம் வந்தது. புதுமைக்கு 15, புதிதாக 'தேவை' என்ற கட்டத்துக்கு 10. வீட்டுக்கு வந்து, பழைய ஹெட்போன் விண்ணப்பத்தை நினைவிலிருந்து அந்தத் தாளில் போட்டுப் பார்த்தேன். அப்போதும் கீரைதான் முந்தியது.