எஞ்சின் மாறினால் போதுமா?

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்ரயிலில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் நடுவே வருவது நெமிலிச்சேரி. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை ஓடும் வெளிவட்டச் சாலை, திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதும் இங்கேதான். இந்த ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இந்திய மோட்டார் வரலாற்றின் ஏதோ ஒரு பக்கத்தில் போய் முட்டலாம். வெளிவட்டச் சாலையின் தென்முனையில், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கார் ஆலை இருந்தது. மேற்கே திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார்களைத் தயாரித்தது. கிழக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை. பழைய வண்டியில் புது எஞ்சினைப் பொருத்துவது நல்ல யோசனையா என்ற கேள்விக்குத் தேவையான சான்றுகள் பெரும்பாலும் இந்த வட்டத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றன.

ஆகப் பெரிய சான்று ஆவடியில். 2025 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்தோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. டி-72 டாங்கிகளில் இப்போது இருக்கும் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1000 குதிரைத்திறன் எஞ்சின். சில எஞ்சின்கள் முழுதாக வரும், மற்றவை பாகம் பாகமாக வந்து இங்கே கோக்கப்படும், தொழில்நுட்பமும் ஆவடிக்குக் கைமாறும் என்பது ஏற்பாடு. டி-72 ஏறத்தாழ 41 டன் எடை. டன்னுக்கு 19 குதிரைத்திறன் என்றிருந்தது 24 ஆகிறது. ராஜஸ்தான் மணலிலும் லடாக்கின் மெலிந்த காற்றிலும் ஓட வேண்டிய வண்டிக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

இந்த மாற்றத்துக்கு இன்னொரு பலமும் உண்டு: குடும்ப ஒற்றுமை. ரஷ்ய டாங்கிகளின் 12 சிலிண்டர் டீசல் எஞ்சின், 1930களில் உருவாகி டி-34 டாங்கியில் இடம்பெற்ற வி-2 எஞ்சினின் வழிவந்தது. கொள்ளளவு அதே 38.8 லிட்டர். தலைமுறை தலைமுறையாகக் காற்றைத் திணிக்கும் முறையும் எரிபொருளைச் செலுத்தும் முறையும் மாறியிருக்கின்றனவே தவிர, எலும்புக்கூடு அதேதான். அந்நிய எஞ்சினைத் திணிக்க உடலை அறுக்கவேண்டிய அவசியம் குறைவு.

மாஸ்டாவின் பழைய ஆர்எக்ஸ்-7 காரில் ஆர்எக்ஸ்-8இன் சுழல் எஞ்சினைப் பொருத்தும் வெளிநாட்டுக் கார் பிரியர்கள் பிடித்துக்கொண்டதும் இதே நூலைத்தான். 1978இல் வந்த முதல் ஆர்எக்ஸ்-7 காரில் இருந்தது 1146 சிசி எஞ்சின். அமெரிக்கச் சந்தைக்கு வந்ததில் சுமார் 100 குதிரைத்திறன். 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8 காரின் ‘ரெனிசிஸ்’ எஞ்சின் 1308 சிசிதான், ஆனால் அதன் உயர் ரகம் 230 குதிரைத்திறனைத் தாண்டியது. பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. இடுப்பு குறுகிய அறைக்குள் முக்கோணச் சுழலி ஒன்று உருண்டு உருண்டு சுற்றும் அமைப்பு இரண்டுக்கும் பொது. அளவில் சின்னது, எடை குறைவு. அதனால் பழைய ஆர்எக்ஸ்-7இன் பானட்டுக்குள் புது எஞ்சின் இடப்பிரச்சினை இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. காரின் எடைச் சமநிலையும் கெடுவதில்லை. பெரிய வி-8 எஞ்சினை அதே காரில் இறக்குகிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது.

உட்கார்ந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது.

பழைய காரில் கார்பரேட்டரும் கேபிளும். புது எஞ்சினுக்கு மின்னணு திராட்டில், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், சுழலி முனைகளுக்கு ஆயிலை அளந்து ஊட்டும் மின்னணு பம்ப், இத்தனையையும் ஆளும் கணினி. அந்தக் கணினியோ திருட்டுத் தடுப்புச் சாவியை அடையாளம் கண்டால்தான் எஞ்சினைக் கிளப்ப விடும். புகை வெளியேறும் வழி ரெனிசிஸில் பக்கச் சுவருக்கு மாறியிருப்பதால் பழைய எக்ஸாஸ்ட் குழாயும் பயன்படாது. ஆக, வயரிங் முழுவதையும் உருவிப் போட வேண்டும். எஞ்சினின் விலை செலவுக் கணக்கில் முதல் வரிதான் என்பது பலருக்குப் பாதி வேலையில்தான் உறைக்கிறது. போதாக்குறைக்கு, ரெனிசிஸுக்கே ஒரு வியாதி உண்டு: கம்ப்ரெஷன் குறைவது. அமெரிக்காவில் மாஸ்டா அதன் எஞ்சின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டவேண்டி வந்தது. விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய எஞ்சினைக் கம்ப்ரெஷன் பார்க்காமல் வாங்குவது பிறர் நோயைக் காசு கொடுத்து வாங்குவதாகும்.

(சுழல் எஞ்சின் நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமல்ல. ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் 2009இல் உள்நாட்டில் உருவான 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சினோடு கோலாரில் பறந்தது. அதுவும், வெளிநாட்டு எஞ்சின் இருந்த இடத்தில் செய்த மாற்றமே.)

தலைகீழ் மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு ஸ்டாண்டர்டு 2000 சாட்சி. 1985இல் சென்னையிலிருந்து வந்த அந்தக் காரின் உடல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய வடிவம். அங்கே அதன் உயர் ரகத்தில் 3.5 லிட்டர் வி-8 எஞ்சின். இங்கே வைத்ததோ, பழைய வேன்கார்டு கார் காலத்து எஞ்சினைத் தட்டிக்கொட்டி 2 லிட்டருக்குள் அடக்கிய நான்கு சிலிண்டர். தேருக்கு நோஞ்சான் மாட்டைப் பூட்டிய கதை. விலையோ ஏகம், வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை. 1988க்குள் கதை முடிந்தது. எரிபொருள் சிக்கனக் கெடுபிடி, இறக்குமதிக் கட்டுப்பாடு என்று ஆலைக்கு ஆயிரம் நெருக்கடி இருந்திருக்கலாம். ஆனால் காசு கொடுத்தவன் நெருக்கடியை ஓட்டவில்லை, காரை ஓட்டினான்.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைச் சரியான திசையில் செய்தது. 1984இல் வந்த கான்டெஸாவில் முதலில் இருந்தது அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின். அந்த நீண்ட உடலை அது இழுக்கத் திணறியது. சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் வந்தன. கார் வேறு காராயிற்று. கவனிக்க வேண்டியது, எஞ்சினோடு கியர் பெட்டியும் வந்தது என்பதை. 1990களின் தொடக்கத்தில் அதே எஞ்சின் அம்பாசடருக்கும் போனது. 50 சொச்சம் குதிரைத்திறன் 75 ஆயிற்று. டிரைவர்கள் கொண்டாடினார்கள்.

ஆனால் இங்கேதான் இந்த வழக்கத்தின் பெரிய குறை ஒளிந்திருக்கிறது. நல்ல எஞ்சின் கிடைத்ததும் உடலை மாற்றும் அவசரம் போய்விட்டது. 1950களின் உடலையே சுமந்துகொண்டு, பின்னால் பட்டை ஸ்பிரிங்கோடு, அம்பாசடர் 2014 மே வரை உத்தரபாரா ஆலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் மாற்றம் வாங்கிக் கொடுத்தது இருபது ஆண்டு அவகாசம். அதை வைத்துப் புதுக் கார் எதையும் நிறுவனம் உருவாக்கவில்லை. திருவள்ளூரில் தயாரித்த லான்சரும் மிட்சுபிஷியின் வடிவமைப்பு.

டி-72 விஷயத்திலும் இந்தச் சந்தேகம் எழத்தான் செய்யும். எஞ்சின் கூடுதலாகத் தரக்கூடியது முடுக்கமும் ஏறும் திறனும். அந்த டாங்கியின் மற்ற குறைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. பின்னோக்கி மணிக்கு சுமார் 4 கிலோமீட்டர்தான் அது போகும். இருபுறமும் உள்ள கியர் பெட்டிகளின் அமைப்பு அப்படி, எத்தனை குதிரைகளைச் சேர்த்தாலும் அது மாறாது. குண்டுகள் வீரர்களின் காலடியில் வட்டமாக அடுக்கப்பட்டிருப்பதன் ஆபத்தை 2022 முதல் உக்ரைன் போர்க்களம் காட்டிவருகிறது. அதற்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. டி-90 டாங்கிக்கான 1000 குதிரைத்திறன் எஞ்சின் ஏற்கெனவே ஆவடி எஞ்சின் தொழிற்சாலையில் உருவாகிறது. அப்படியிருக்க இந்த ஒப்பந்தம் புதிதாக எதைக் கற்றுத்தரும்? அரசின் சுருக்கமான அறிவிப்பில் அதற்கு விடை இல்லை. டி-72க்கு மாற்றாக வரவேண்டிய எதிர்காலப் போர் வண்டிக்கு 2024 செப்டம்பரில்தான் கொள்முதல் குழுவின் ஒப்புதல் கிடைத்தது. அது களத்துக்கு வரும்வரை பழையதை ஓடவைக்க வேண்டியது நியாயம். அந்த நியாயமே புதியதைத் தள்ளிப்போடும் சாக்காகிவிடக் கூடாது.

தனி ஆள் செய்தால் என்ன? சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் எஞ்சின் கிடைக்கும். அம்பத்தூர்ப் பட்டறைகளில் மவுண்டும் அடாப்டரும் கடைந்து தருவார்கள். கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. பொறுப்பு யாருடையது என்பதுதான் சிக்கல். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எஞ்சின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும், பட்டறையில் மாறிய எஞ்சின் காகிதத்தில் மாறாவிட்டால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அதைத்தான். சட்டம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு மடங்கு விசையைத் தாங்காத பழைய பிரேக்கோடு நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவருக்கு அந்தக் கடுமை அவ்வளவு தவறாகத் தோன்றாது. ஆலை செய்யும் மாற்றத்தில் சோதனை ஓட்டமும் வரைபடமும் பெயர் போட்ட ஒரு பொறுப்பாளியும் உண்டு. பட்டறையில் பெரும்பாலும் நம்பிக்கை மட்டுமே.

ஆவடியில் வடிவமைத்த அர்ஜுன் டாங்கி, டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்ற கணக்கின் மறுபக்கம். முதல் வடிவம் 58.5 டன், ஜெர்மானிய எஞ்சின் 1400 குதிரைத்திறன். 2021இல் 118 வண்டிகளுக்கு ஆணை கிடைத்த மார்க்-1ஏ, எஞ்சின் மாறாமலே 68 டன் ஆகிவிட்டது. இதற்கிடையே ஆவடியின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாக 1500 குதிரைத்திறன் எஞ்சினை உருவாக்கி, 2024 மார்ச் 20 அன்று மைசூரில் முதல்முறை இயக்கிப் பார்த்தது. அதை நாளை மார்க்-1ஏயில் பொருத்தினாலும் டன்னுக்கு 22 குதிரைத்திறன்தான் கிடைக்கும். பழைய அர்ஜுனில் அது கிட்டத்தட்ட 24.