பிரவுன் ஷீட் அட்டை

ஐக்கிய அரபு அமீரகத்தில் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளுக்குக் கோடை முடிந்துதான் புது வகுப்பு. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கோ ஏப்ரலிலேயே. ஷார்ஜாவில் ஆசிரியையாக இருக்கும் அண்ணி வீட்டில் மார்ச் கடைசியில் ஹாலே பைண்டிங் கடை மாதிரி ஆகிவிடும். லேப்டாப்பில் அவருடைய பாடக் குறிப்புகள் ஒரு பக்கம். தரையில் பிள்ளைகளின் நோட்டுகள். அண்ணனுக்கு செலோடேப் கிழிக்கிற வேலை மட்டும்தான். (அதற்கும் திட்டு உண்டு.)

அண்ணி அட்டை போடுவதைப் பார்க்க வேண்டும். நோட்டைத் தாளில் விரித்து வைத்து, சுற்றிலும் இரண்டு விரற்கடை விட்டு வெட்டுவார். நோட்டின் முதுகு வருகிற இடத்தில் மேலும் கீழும் கத்தரியால் நறுக்கி உள்ளே தள்ளுவார். மடித்ததும் ஸ்கேலால் ஒரு நீவு. கடைசி மடிப்பின்போது நோட்டு மூடியிருக்க வேண்டும். விரித்தபடியே மடித்தால், மூடும்போது அட்டை இழுத்துக்கொண்டு கிழியும். பெரியவளுக்கு இந்த வருஷம்தான் அது பிடிபட்டது. லேபிளில் பெயர் எழுதுவது சின்னவன் உரிமை.

பிளாஸ்டிக் உறைகள் கடையிலேயே கிடைக்கின்றன. பளபளப்புதான், ஆனால் அடுக்கினால் வழுக்கும். ஒரு வகுப்பு நோட்டு முழுவதையும் திருத்துவதற்குக் கையில் சுமந்து மாடியேறுகிறவர் அண்ணி. அவர் ஓட்டு பிரவுன் ஷீட்டுக்கு; என் ஓட்டும் அதற்கே.